எபிசோட் 41: பாசி பிடிச்ச மெத்தை, ரெண்டு கேன், ஒரு அப்பா

வழக்கமா நாம இங்க சாஃப்ட்வேர் வேலை, அப்ரைசல், சென்னை வாடகை இதெல்லாம்தான் பேசுவோம். இந்த வாரம் வீட்டு மொட்டை மாடியில பிடிக்கிற பாசியைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. இந்தப் பாசியால எங்க அப்பா ஒரு ராத்திரி முழுக்க ஆக்சிஜன் மாஸ்க் போட்டுப் படுத்திருந்தார்.

எங்க ஊர் மூங்கில்துறைப்பட்டு. கள்ளக்குறிச்சி மாவட்டம், சங்கராபுரத்துக்கு வடக்கே, தென்பெண்ணை ஆத்தங்கரை. சீசன்ல கரும்பு டிராக்டர் வரிசை கட்டி நிக்கிற சர்க்கரை ஆலை ஊர்னு சொன்னா சில பேருக்குத் தெரியும். மேலே போனா சாத்தனூர் அணை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் ரெண்டு நாள் கழிச்சு, டிசம்பர் 2 விடியக்காலையில, சாத்தனூர்ல இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணி திறந்து விட்டாங்க. எங்க வீடு மேட்டுல இருக்கிறதால உள்ள தண்ணி வரல. ஆனா வீடு முழுக்க ஊறிப் போச்சு. சுவர், சன்ஷேடு, கைப்பிடிச் சுவர், மெத்தை எதுவுமே வாரக்கணக்கா காயல. எங்க பக்கம் மொட்டை மாடியை மெத்தைன்னுதான் சொல்வோம், சென்னைக்காரங்க குழப்பிக்காதீங்க.

ஜனவரியில பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும்னு பேச்சு ஆரம்பிச்சப்போ மெத்தை தரை பச்சையும் கருப்புமா வழுவழுன்னு இருந்திருக்கு. ஆயா துணி எடுக்கப் போய் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சுது. அந்தக் கோபத்துல அப்பா அன்னைக்கே பாசியை ஒழிச்சுக் கட்டணும்னு மேல ஏறிட்டார். வெள்ளத்தப்போ கிணத்துல போடறதுக்குன்னு வாங்கின பிளீச்சிங் பவுடர் மிச்சம் இருந்துது. அதைக் குழைச்சு ஒரு மூலையில இருந்து கொட்டித் தேய்ச்சிருக்கார். பத்து நிமிஷம் ஆச்சு, கருப்பு போகல. அப்போ கீழ நின்ன மேஸ்திரி ஒருத்தர், "அண்ணே, இதுக்கெல்லாம் ஆசிட் ஊத்தணும்ணே"ன்னு சொல்லியிருக்கார். பாத்ரூம் கழுவுற ஆசிட் வீட்ல இருந்துது. ஈரமா இருந்த பிளீச்சிங் மேலேயே அதை ஊத்தினார்.

அப்பா பின்னால சொன்னது: "மஞ்சளா ஒரு புகை மாதிரி எழும்புச்சுடா. மூக்குல மொளகாப்பொடி அடிச்ச மாதிரி இருந்துது." மூச்சு முட்டினதும் கீழ ஓடலாம்னு மாடிப்படி ரூமுக்குள்ள போயிருக்கார். அங்கதான் பிரச்சினை பெருசாச்சு. ஏன்னு சொல்றேன்.

பிளீச்சிங் பவுடர்ல இருக்கிறது ஹைப்போகுளோரைட். கடையில கேன்ல கிடைக்கிற ஹைப்போவும் அதேதான், அது சோடியம் ஹைப்போகுளோரைட், பவுடர்ல கால்சியம். அது காரத்தன்மையோட இருக்கிற வரைக்கும் குளோரின் அதுக்குள்ள அடங்கி இருக்கும். ஆசிட் பட்ட உடனே அந்தச் சமநிலை கவிழ்ந்து குளோரின் வாயுவா வெளிய வந்துடும். 1915 ஏப்ரல் 22 அன்னைக்கு பெல்ஜியத்துல ஈப்ர் போர்முனையில ஜெர்மன் ராணுவம் சிலிண்டரைத் திறந்து விட்டதும் இதே வாயுதான். அதை நம்ம வீட்ல நாமளே தயாரிக்கிறோம், மொத்தச் செலவு இருநூறு ரூபாய்க்குள்ள.

குளோரின் காத்தை விட ரெண்டரை மடங்கு கனமானது. மேல போகாது. தண்ணி மாதிரி பள்ளம் தேடி இறங்கும். மெத்தையில பள்ளம் எது? மாடிப்படி. அப்பா தப்பிச்சு ஓடின வழியிலேயே அதுவும் கூட இறங்கியிருக்கு. மெத்தையிலேயே காத்து வர்ற பக்கம் போய் நின்னிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது. இது மட்டும் யாருக்காவது மனசுல தங்கினா எனக்குப் போதும்: இந்த வாசனை வந்தா, காத்துக்கு எதிர்ப்பக்கம், திறந்த இடம், முடிஞ்சா மேடு.

அப்பாவுக்கு ஒரு மணி நேரத்துல இருமல் குறைஞ்சுடுச்சு. "ஒண்ணும் இல்ல, டீ போடு"ன்னு சொல்லியிருக்கார். அம்மா கேட்கல, பக்கத்து வீட்டுத் தம்பியோட பைக்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்தப் பிடிவாதத்துக்கு நான் கோயில் கட்டணும். குளோரின் நுரையீரல்ல செய்யற வேலை உடனே தெரியாது. சில மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல நீர் கோத்துக்கலாம். அதனாலதான் நல்லா இருக்கிற மாதிரித் தெரிஞ்சாலும் ஒரு ராத்திரி வச்சுப் பார்ப்பாங்க. நான் சென்னையில இருந்து கிளம்பி விடியக்காலை போய்ச் சேர்ந்தப்போ அப்பா மாஸ்க்கோட உக்காந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மாஸ்க்கை இறக்கிட்டு, "கருப்பு பாதி போயிருச்சு"ன்னார்.

சரி, கதை இதோட முடியல. பாசி அப்படியே இருக்கே. ஆயா திரும்ப ஏறுவாங்க. நான் ஒரு வாரம் லீவ் போட்டேன். எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு: சிஸ்டம் விழுந்தா யாரைத் திட்டலாம்னு பார்க்காம, எப்படி விழுந்துதுன்னு எழுதுவோம். அப்பாவையும் மேஸ்திரியையும் திட்டாம, நான் படிச்சதும் செஞ்சதும்தான் இனிமே வர்றது.

முதல்ல, அந்தக் கருப்பு என்னது? நாம அதை அழுக்குன்னு நினைக்கிறோம். பெரும்பாலும் அது உயிரோட இருக்கு. சயனோபாக்டீரியான்னு ஒரு நுண்ணுயிர், நீலப்பச்சைப்பாசின்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. நம்ம வெயில்ல கருகாம இருக்க அது தனக்குத்தானே ஒரு சன்ஸ்க்ரீன் தயாரிச்சுக்குது, ஸைட்டோநெமின்னு ஒரு நிறமி. கோயில் கோபுரத்துலயும் பழைய வீட்டுச் சுவர்லயும் மழைத்தண்ணி வழிஞ்ச தடத்துல கருப்புக் கோடு இறங்கியிருக்குமே, அதுல பெரும்பங்கு இந்த நிறமி. கோடையில காஞ்சு செத்த மாதிரிக் கிடக்கும். முதல் மழை பட்டதும் எழுந்துக்கும்.

அதனால தேய்ச்சுச் சுரண்டினா மேல இருக்கிறது மட்டும்தான் போகும். சிமெண்டோட நுண்துளைக்குள்ள இருக்கிறது அப்படியே இருந்து, அடுத்த மழைக்குத் திரும்ப வரும். ஆசிட் இன்னும் மோசம். ஆசிட் பாசியைக் கொல்றதை விட சிமெண்டைத்தான் அதிகமாத் தின்னும். சிமெண்ட், சுண்ணாம்பு ரெண்டுலயும் இருக்கிற கால்சியம் ஆசிட்ல கரையும். நுரை பொங்குறதைப் பார்த்து அழுக்கு போகுதுன்னு சந்தோஷப்படறோம். அங்க நுரைச்சுப் போறது நம்ம மெத்தை. மேற்பரப்பு சொரசொரப்பாகி, அடுத்த வருஷம் பாசிக்கு இன்னும் நல்ல பிடிமானம் கிடைக்குது. வருஷா வருஷம் ஆசிட் ஊத்துற வீட்ல வருஷா வருஷம் பாசி அதிகமாகுறதுக்கு ஒரு காரணம் இது.

நம்ம ஊர்ல இதே தப்பு பெரிய அளவுல நடந்திருக்கு. கும்பாபிஷேகத் திருப்பணின்னு தமிழ்நாட்டுல எத்தனையோ கல் கோயில்கள்ல மணல் பீய்ச்சி அடிச்சாங்க, சாண்ட் பிளாஸ்டிங். கல் பளிச்சுன்னு வந்துது. கூடவே சிற்பத்தோட நுணுக்கமும் கல்வெட்டு எழுத்தும் தேஞ்சு போச்சு, கல்லோட மேல்தோல் உரிஞ்சு சொரசொரப்பாச்சு. பின்னால அறநிலையத் துறையே அதைத் தடை செய்யற அளவுக்குப் போச்சு. வீட்டுக்கு பிரஷர் வாஷர் வாங்கி அதிகபட்ச வேகத்துல அடிக்கிறவங்க செய்யறதும் அதோட சின்ன வடிவம்தான். பெயிண்ட் உரியும், தட்டோடு பதிச்ச இடத்துல ஜாயிண்ட் பூச்சு கழண்டு தண்ணி உள்ள இறங்கும். அப்புறம் சீலிங் ஒழுகுதுன்னு வாட்டர் ப்ரூஃபிங் ஆளைத் தேடுவோம்.

அமெரிக்காவுல ஓட்டுக்குப் பதிலா தார் கலந்த ஷிங்கிள் போட்ட கூரைகள் உண்டு. அதுலயும் இதே மாதிரிக் கருப்பு வழியும், அங்க அந்த உயிரிக்குப் பேர் கிளியோகேப்ஸா மாக்மா. பிரஷர் வாஷர் அடிச்சா ஷிங்கிள் மேல இருக்கிற துகள் எல்லாம் உதிர்ந்துடும். அதனால அங்க ஒரு முறை வளர்ந்துது, அதுக்கு சாஃப்ட் வாஷ்னு பேர். ஹைப்போ கரைசலைக் குறைஞ்ச அழுத்தத்துல தெளிச்சு, பாசி சாகிற வரைக்கும் காத்திருந்து, சாதாரண தண்ணியில அலசுறது. அந்த ஊர் ஷிங்கிள் தயாரிப்பாளர்கள் சங்கமே துணி துவைக்கிற பிளீச்சும் தண்ணியும் சரிபாதி, 15 முதல் 20 நிமிஷம் ஊற வை, பிரஷர் வாஷர் வேண்டாம்னுதான் சொல்லுது.

இங்க ஒரு வார்த்தை விளையாட்டு நம்மை ஏமாத்தும். சாஃப்ட் வாஷ்ல சாஃப்ட் ஆனது தண்ணியோட வேகம் மட்டும்தான். உள்ள இருக்கிற கெமிக்கல் சாஃப்ட் கிடையாது. அது வீட்டுக்கு மென்மை. கண்ணுக்கும் நுரையீரலுக்கும் குளத்து மீனுக்கும் இல்ல.

ஹைப்போ நமக்கு ரொம்பப் பழகிப் போச்சு, அதான் சிக்கல். 2020 ஞாபகம் இருக்கா? தெருவெல்லாம் ஹைப்போ அடிச்சாங்க. திருப்பூர்ல மார்க்கெட் வாசல்ல கிருமிநாசினிச் சுரங்கம் வச்சு, ஆள் நடந்து போகும்போது மேல தெளிச்சாங்க, அது நாடு முழுக்கப் பரவிச்சு. உத்தரப் பிரதேசம் பரேலியில ஊர் திரும்பின தொழிலாளர்களை ரோட்ல உக்கார வச்சு அதைப் பீய்ச்சி அடிச்ச வீடியோவைப் பார்த்திருப்பீங்க. அந்த ஏப்ரல்லயே மத்திய சுகாதார அமைச்சகம் மனுஷங்க மேல இதைத் தெளிக்காதீங்கன்னு எழுதி அனுப்பிச்சுது. அரசாங்கமே தெளிக்குதே, இதுல என்ன ஆபத்துன்னு ஒரு நினைப்பு அப்போ நமக்குள்ள இறங்கிடுச்சு. அப்பாவும் அதைத்தான் சொன்னார்: "கொரோனாவுக்கு அடிச்சதுதானடா?"

சரி, நான் என்ன பண்ணேன்.

முதல் ரெண்டு நாள் கெமிக்கலைத் தொடவே இல்ல. அப்பா கொட்டின இடத்துல நிறைய தண்ணி விட்டு அலசி, வெயில்ல காய விட்டேன். ஆசிட் மிச்சம் இருக்கிற தரையில ஹைப்போ தெளிச்சா திரும்பவும் அதே கதைதான். பினாயில், டாய்லெட் கிளீனர், கறை நீக்கி எது போட்டிருந்தாலும் இதே ரூல். டாய்லெட் கிளீனர் பல பிராண்டும் ஆசிட்தான், பாட்டில்ல மணமா இருக்கிறதால நாம மறந்துடறோம். கண்ணாடி துடைக்கிற சில திரவங்கள்ல அமோனியா இருக்கும். அமோனியாவும் ஹைப்போவும் சேர்ந்தா குளோரமின் வாயு. இதை ஏன் தனியா சொல்றேன்னா, தொல்லியல் துறை பழைய கல் கோயில்களைச் சுத்தம் பண்றப்போ நீர்த்த அமோனியாவும் சோப்பு மாதிரி ஒரு திரவமும் சேர்த்துப் பயன்படுத்துறது வழக்கம். அதை எங்கேயாவது படிச்சுட்டு வீட்ல இருக்கிற பிளீச்சோட கலக்கிப் பார்க்காதீங்க. அவங்க கல்லுக்கு பிளீச் போடாம இருக்கிறதுக்குக் காரணம் உண்டு. அது காஞ்சா உப்பு தங்கும், உப்பு துளைக்குள்ள படிகமாகிக் கல்லை உள்ள இருந்து பொரிய வைக்கும். உங்க ஊர்ப் பழைய சுண்ணாம்புச் சுவர், பூசாத செங்கல் சுவர், மண் சுவர் இதுக்கெல்லாம் ஹைப்போ வேண்டாம்னு நான் சொல்றதும் அதே காரணத்துக்குத்தான்.

அடுத்தது, எந்தக் கருப்பு உயிருள்ளது, எது கரின்னு பார்க்கணும். எங்க அடுப்பங்கரை ஜன்னலுக்கு மேல இருந்தது விறகடுப்புப் புகை. ஒரு சின்ன இடத்துல பஞ்சுல ஹைப்போ தொட்டு வச்சேன். பத்து நிமிஷத்துல நிறம் வெளுத்தா பாசி. அப்படியே இருந்தா கரி, அதுக்கு சோப்புத் தண்ணியும் கைவலியும்தான் மருந்து. அதே சோதனையில பெயிண்ட் வெளுக்குதான்னும் தெரிஞ்சுடும். எங்க கைப்பிடிச் சுவர்ல ஒரு நீலம் இருந்துது, அது வெளுத்துது. அந்தப் பக்கத்தை விட்டுட்டேன்.

பிளீச்சிங் பவுடரை நான் விட்டுட்டு ஹைப்போ கேன் வாங்கினேன். பவுடர்ல முப்பது சதவீதம் போல குளோரின் இருக்கும்னு கணக்கு, ஆனா மூட்டை பிரிச்சு ஈரம் பட்டா எவ்வளவு மிச்சம்னு யாருக்கும் தெரியாது. அதோட சுண்ணாம்பு அடியில தங்கி நாசிலை அடைக்கும், சுவர்ல வெள்ளையாப் படியும். ஹைப்போவும் நம்ம வெயில்ல சீக்கிரம் வீரியம் இழக்கும், அதனால புது கேனா தேதி பார்த்து வாங்கணும். நான் வாங்கினதுல 10 சதவீதம்னு போட்டிருந்துது. சுவருக்கு 1 சதவீதம்: ஒரு லிட்டர் ஹைப்போ, ஒன்பது லிட்டர் தண்ணி. மெத்தைத் தரையில தடிமனா இருந்த இடத்துக்கு 3 சதவீதம்: மூணு லிட்டருக்கு ஏழு லிட்டர். முதல்ல தண்ணி, அப்புறம் ஹைப்போ. சுவர்ல வழியாம ஒட்டி நிக்க பக்கெட்டுக்கு ஒரு ஸ்பூன் சாதாரண லிக்விட் சோப்பு. எலுமிச்சை, வினிகர்னு லேபிள்ல எதுவும் இல்லாத சோப்பு. கலந்ததை அன்னைக்கே தீர்க்கணும், மூடி இறுக்கி வச்சா வாயு சேர்ந்து கேன் உப்பும்.

ஸ்பிரேயர் விஷயத்துல நானே ஒரு தப்பு பண்ண இருந்தேன். எங்க வீட்ல வயலுக்கு மருந்து அடிக்கிற முதுகு டேங்க் ஒண்ணு இருக்கு. கிராமத்துல எல்லார் வீட்லயும் இருக்கும். அதுலயே ஊத்திடலாம்னு எடுத்தேன். சித்தப்பா பிடுங்கி வச்சார்: "போன வாரம் களைக்கொல்லி அடிச்சதுடா அதுல." அடியில, ஓஸ்ல, நாசில்ல என்ன மிச்சம் இருக்குன்னு தெரியாத டேங்க்ல ஹைப்போ ஊத்தறது, அப்பா செஞ்ச அதே வேலையை இன்னும் நாகரிகமா செய்யறது. புதுசா சின்ன பிளாஸ்டிக் ஸ்பிரேயர் ஒண்ணு வாங்கி, அது மேல மார்க்கர்ல ஹைப்போ மட்டும்னு எழுதினேன். பித்தளை நாசில் வேண்டாம், அரிச்சுடும்.

ரப்பர் கையுறை, கண்ணை முழுக்க மூடுற கண்ணாடி, கம்பூட், முழுக்கைச் சட்டை. மாஸ்க் பத்தி ஒரு வார்த்தை. துணி மாஸ்க், என் 95 ரெண்டும் தூசியை நிறுத்தும், குளோரினை நிறுத்தாது. வாயுவை நிறுத்த அதுக்குன்னு கார்ட்ரிட்ஜ் வச்ச மாஸ்க் இருக்கு. அது இல்லாம நான் பண்ணது, திறந்த வெளியில, காத்து எனக்குப் பின்னால இருந்து வர்ற மாதிரி நின்னு, தலைக்கு மேல எதையும் தெளிக்காம பண்ணது. சன்ஷேடுக்கு அடிப்பக்கம் அண்ணாந்து தெளிக்க வேண்டியிருந்துது. அதைத் தெளிக்கல, நீளக் கம்புல பிரஷ் கட்டித் தடவினேன்.

இப்போ கீழ பாருங்க. மெத்தையில விடற தண்ணி எங்க போகும்? தமிழ்நாட்டுல 2003-ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனதுல இருந்து பல வீட்ல மெத்தைக் குழாய் நேரா கிணத்துக்கோ, போருக்குப் பக்கத்துல இருக்கிற குழிக்கோ போகும். எங்க வீட்லயும் அப்படித்தான். குடிக்கிற கிணத்துக்கு நாமளே செத்த பாசியும் பிளீச்சும் சோப்பும் அனுப்பியிருப்போம். குழாயைக் கழட்டி, வாயை கோணிச் சாக்கு வச்சு அடைச்சு, தண்ணியைத் தெருப் பக்கம் காலி மண்ணுல விட்டேன். தொட்டிக்கு மூடி, மாட்டுத் தொட்டிக்குத் தார்ப்பாய். செடிகளுக்கு முதல்லயே நல்லா தண்ணி ஊத்தி நனைச்சு வச்சேன், நடுவுலயும் ரெண்டு தடவை. நனைஞ்ச இலை மேல பட்டா உடனே நீர்த்துப் போகும், காஞ்ச இலை கருகும். அம்மாவோட கறிவேப்பிலைக்கு பெட்ஷீட் போர்த்தினேன், அப்படியும் ஒரு கொப்பு போச்சு. அதுக்கு இன்னைக்கு வரைக்கும் திட்டு வாங்குறேன். ஹைப்போ மீனுக்கு ரொம்பக் குறைஞ்ச அளவுலயே விஷம். எங்க தெருச் சாக்கடை கடைசியில ஆத்துல போய்ச் சேருது. அதனால சாக்கடையில விடவே இல்ல. மண்ணுலயும் வெயில்லயும் குளோரின் சீக்கிரம் அடங்கிடும், உப்பு மட்டும் மிஞ்சும்.

எல்லாத்தையும் விடப் பெரிய ஆபத்து கெமிக்கல் கிடையாது, விழறதுதான். பாசி மேல ஹைப்போவும் சோப்பும் பட்டா காஞ்ச பாசியை விடப் பல மடங்கு வழுக்கும். கைப்பிடிச் சுவர் இல்லாத மெத்தையா இருந்தா ஓரத்துல இதைச் செய்யாதீங்க. தூரத்து மூலையில ஆரம்பிச்சு படிக்கட்டை நோக்கிப் பின்னால வரணும், நனைச்ச இடத்துல திரும்பக் கால் வைக்கக் கூடாது. ரெண்டடி நாலடியாப் பிரிச்சு, தெளி, பதினஞ்சு நிமிஷம், காயாமப் பார்த்துக்க, நைலான் பிரஷ்ல ஒரு தடவை, தண்ணி. காலை ஏழு மணிக்கு ஆரம்பிச்சா ஒன்பதரைக்கு நிறுத்திடுவேன். வெயில் ஏறினா பதினஞ்சு நிமிஷம் ஊறாது, அஞ்சு நிமிஷத்துலயே காஞ்சு உப்பாப் படிஞ்சுடும். மூணு காலை ஆச்சு. சோலார் பேனல் இருந்தா அது பக்கமே போகாதீங்க, அதுக்கு வெறும் தண்ணி. டிஷ், தகரக் கூரை, இரும்பு கேட் எல்லாம் அரிக்கும், பட்டா உடனே கழுவணும்.

ஆரம்பத்துல இதுக்கு ஆள் வச்சுடலாம்னுதான் நினைச்சேன். ஒரு அண்ணன் வந்தார். லுங்கி, வெறுங்கால், கையில ஆசிட் பாட்டில். கையுறை தரேன்னு சொன்னதுக்கு, "அதெல்லாம் போட்டா பிடி நழுவும் தம்பி"ன்னார். கையைப் பார்த்தேன், விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு வழவழன்னு இருந்துது. எத்தனை வருஷமா இந்த வேலைன்னு கேட்டேன், கல்யாணத்துக்கு முன்னாடில இருந்துன்னார். அவர்கிட்ட மறுபடியும் ஆசிட் குடுத்து அனுப்ப எனக்கு வாய் வரல. ஒரு நாள் கூலியைக் குடுத்து, என் கூட நின்னு குழாய் பிடிங்க அண்ணேன்னேன். ரெண்டாவது நாள் அவரே கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டார். கையுறை கடைசி வரைக்கும் போடல, பேரம் பேசிப் பார்த்தேன், தோத்துட்டேன். வீடு சுத்தமாகணும்னு நாம ஆளைக் கூப்பிடும்போது, என்ன கெமிக்கல், எந்தக் கையில அது படுதுன்னு கேட்கிறது நம்ம வேலைதான். குறைஞ்சபட்சம் கண்ணாடியும் கையுறையும் பூட்ஸும் நாம வாங்கி வைக்கலாம், ஒரு பீட்சா விலை.

தோல்ல பட்டா இருபது நிமிஷம் ஓடற தண்ணி. கண்ணுல பட்டாலும் அதே, இமையைப் பிரிச்சு வச்சு, அப்புறம் நேரா டாக்டர். குழந்தை தெரியாமக் குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும். 108. தயவு செஞ்சு ஹைப்போவையோ ஆசிடையோ தண்ணி பாட்டில்ல, ஜூஸ் பாட்டில்ல ஊத்தி வைக்காதீங்க. கடைக்காரர் அப்படிக் குடுத்தா வாங்காதீங்க.

மாட்டுக் கொட்டகை கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அது மேலயும் பச்சை அடை அடையா இருக்கு. அதை நான் தொடல. அந்த ஷீட் ஆள் கனம் தாங்காது, ஏறினா நேரா மாட்டு மேலதான் விழணும். பிரஷர் வாஷர்லயோ பிரஷ்லயோ தேய்ச்சா நார் உதிரும், அது நுரையீரலுக்கு குளோரினை விட நீண்ட காலப் பகை. பச்சை இருந்துட்டுப் போகட்டும், மாடு ஒண்ணும் புகார் சொல்லல.

மெத்தை இப்போ முழு வெள்ளை இல்ல, சாம்பல் மாதிரி ஒரு நிறம். கால் பிடிக்குது. அப்பா கொட்டின அந்த மூலை மட்டும் ஆசிட் தின்ன தழும்போட தனியாத் தெரியும். இந்த ஐப்பசியில அங்கதான் முதல்ல பச்சை எட்டிப் பார்த்துதுன்னு அம்மா போட்டோ அனுப்பினாங்க. தண்ணி தேங்காம இருக்க அந்த மூலைக்கு ஒரு சரிவு எடுத்துப் பூசணும், அதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்.

அப்பா ரெண்டு கேனையும் இப்போ வேற வேற இடத்துல வச்சிருக்கார். ஹைப்போ பம்ப்செட் ரூம்ல, ஆசிட் வீட்டுப் பின்னால. ஆசிட்டைத் தூக்கிப் போடுங்கப்பான்னு நாலு தடவை சொல்லிட்டேன். "பாத்ரூமுக்கு வேணும்டா"ன்றார். அந்த விவாதம் இன்னும் ஓடிட்டு இருக்கு. ஜெயிச்சா சொல்றேன்.

உங்க வீட்ல யாராவது இந்த ரெண்டையும் கலக்கி இருந்தா, என்ன ஆச்சுன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பழையபடி வேலை, சம்பளம், நோட்டீஸ் பீரியட்.